அந்த ஓர் எட்டு எங்கே போயிற்று?

பள்ளி மைதானத்தில் கால்பந்து ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் அணியின் நடு ஆட்டக்காரன் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே பந்தைத் தள்ளிவிடுகிறான். வலது ஓரத்திலிருந்து நீங்கள் பாய்கிறீர்கள். சென்ற ஆண்டு இதே பந்தை நீங்கள்தான் முதலில் தொட்டிருப்பீர்கள். இப்போதோ எதிரணிக்காரனின் கால் ஓர் எட்டு முன்னால் வந்து பந்தைத் தட்டிவிடுகிறது. "பையன் முன்னே மாதிரி இல்லையே!" என்று கரையோரம் நிற்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். குறுவட்டப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்குகிறது. உடற்கல்வி ஆசிரியரின் பட்டியலில் உங்கள் பெயர் பதினொன்றுக்குள் இருக்குமா, கீழே மாற்று ஆட்டக்காரர்களோடு போய்விடுமா என்பது உங்களுக்கே சந்தேகமாகிவிடுகிறது.

மாணவ நண்பர்களே! உங்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பொதுத்தேர்வுக்காக மூன்று மாதம் மைதானப் பக்கமே போகாதிருந்திருப்பீர்கள். தொடையில் தசை பிடித்து ஓய்வில் இருந்திருப்பீர்கள். அல்லது ஒரு காரணமும் இல்லாமல், ஒரே ஆண்டில் மளமளவென்று வளர்ந்திருப்பீர்கள். மூன்றிலும் முடிவு ஒன்றே: கால் முன்போல் பாய மறுக்கிறது. உடனே பலரும் "என் வேகம் போய்விட்டது, இனி வராது" என்று முடிவுகட்டிப் பந்தை மூலையில் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் ஒரே வாரத்தில் அதைப் பிடித்துவிடத் துடித்துக் காலை முறித்துக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. தொலைந்த அந்த ஓர் எட்டு எவ்வளவு பெரியது, அது எங்கே போயிற்று, எப்படித் திரும்பும் என்பதற்கெல்லாம் இயற்பியலில் விடை இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

வேகத்தை அளந்த காந்தம்

ஓட்டக்காரரின் வேகத்தை வினாடிக்கு வினாடி அளக்கும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. தசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் ஆங்கிலேய அறிஞர் ஏ.வி. ஹில். 1920களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். காந்தமேற்றிய இரம்பத் தகடு ஒன்றை ஓட்டக்காரரின் உடலில் கட்டினார். ஓடுபாதையின் ஓரத்தில் இடைவெளி விட்டுக் கம்பிச் சுருள்களை நட்டார். காந்தம் கம்பிச் சுருளைக் கடந்தால் என்ன ஆகும்? உங்கள் பாடநூலில் படித்த ஃபாரடேயின் விதிதான்! சுருளில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, கால்வனாமீட்டரின் முள் துடிக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து அவர் வேகத்தைக் கணக்கிட்டார்.

அவர் கண்டது இது: ஓட்டக்காரரின் வேகம் முதலில் மடமடவென்று ஏறுகிறது, பிறகு ஏற்றம் மெல்ல மெல்லக் குறைந்து ஓர் உச்ச வேகத்தில் நிலைக்கிறது. இதே உண்மையை ஜமைக்கா நாட்டின் உசைன் போல்ட் 2009 ஆம் ஆண்டு பெர்லின் நகரில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடியபோதும் காணலாம். முதல் 20 மீட்டருக்கு 2.89 வினாடி. அடுத்தடுத்த 20 மீட்டர்களுக்கு முறையே 1.75, 1.67, 1.61, 1.66 வினாடிகள். நான்காவது பகுதியில் அவருடைய வேகம் வினாடிக்கு 12.4 மீட்டர்! கடைசிப் பகுதியில் அவரும் சற்றுத் தளர்ந்துவிட்டார் என்பதைக் கவனித்தீர்களா?

கால்பந்தில் 60 மீட்டர் நேராக ஓடும் வாய்ப்பு அபூர்வம். பெரும்பாலான பாய்ச்சல்கள் 10 முதல் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆகவே நமக்குக் கணக்கு 20 மீட்டருக்குத்தான்.

ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு

50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ஓடும்போது அவன் வினாடிக்கு 4 எட்டுகள் வைக்கிறான். அதாவது ஓர் எட்டுக்கு 0.25 வினாடி. இந்த நேரம் முழுவதும் கால் தரையில் இருப்பதில்லை. ஏறக்குறைய 0.12 வினாடிதான் பாதம் மண்ணைத் தொடுகிறது. மீதி நேரம் அவன் காற்றில் மிதக்கிறான்!

புவியீர்ப்பு விசை மட்டும் ஓயாமல், 0.25 வினாடி முழுவதும், அவனைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. அவன் கீழே விழாமல் ஓட வேண்டுமானால், பாதம் தரையில் இருக்கும் அந்த 0.12 வினாடிக்குள் தரை அவனுக்கு அதே கணத்தாக்கைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கணத்தாக்கு என்பது விசையையும் நேரத்தையும் பெருக்கி வருவது. எனவே தரை தரவேண்டிய சராசரி விசை, அவன் எடையைப் போல் 0.25 ÷ 0.12 மடங்கு, அதாவது 2.08 மடங்கு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அவன் தரையை அந்த விசையோடு அழுத்தினால்தான் தரை அதைத் திருப்பித் தரும். 100 கிலோவுக்கும் மேற்பட்ட சுமையை ஒற்றைக் காலில், ஒரு வினாடியின் எட்டில் ஒரு பங்கு நேரத்துக்குள் தாங்கி எறிய வேண்டும் என்று பொருள்!

இப்போது வேகத்துக்கு வருவோம். பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது உடல் அதன் மேலாக முன்னே கடந்து செல்கிறது. அந்தத் தூரம் ஏறத்தாழ 0.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேகம் 0.9 ÷ 0.12, அதாவது வினாடிக்கு 7.5 மீட்டர்.

அவனுடைய கால் தரும் விசை 6 விழுக்காடு மட்டும் குறைந்துவிட்டதாகக் கொள்ளுங்கள். 2.08 மடங்குக்குப் பதில் 1.95 மடங்குதான் தர முடிகிறது. குறைந்த விசையைக் கொண்டு அதே கணத்தாக்கைப் பெறவேண்டுமானால், பாதம் கூடுதல் நேரம் தரையில் கிடக்க வேண்டும்: 0.128 வினாடி. வேகம் 0.9 ÷ 0.128, ஏறக்குறைய வினாடிக்கு 7.0 மீட்டர். முன்பு 20 மீட்டரைக் கடக்க 2.67 வினாடி ஆயிற்று. இப்போது 2.86 வினாடி. வித்தியாசம் 0.19 வினாடி. இந்த நேரத்தில் பழைய வேகக்காரன் சுமார் 1.4 மீட்டர் முன்னே போய்விடுவான்.

தொலைந்த எட்டு கிடைத்துவிட்டதா? கண் இமைக்கும் நேரத்துக்குள் கால் தரையை உதைக்கும் விசையில் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தது, அவ்வளவுதான்! இது எளிமைப்படுத்திய கணக்கு என்பது உண்மை. ஆனால் அடிப்படை சரியானது. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பீட்டர் வெயாண்டும் அவருடைய கூட்டாளிகளும் வினாடிக்கு 6.2 மீட்டரிலிருந்து 11.1 மீட்டர் வரை வேகம் கொண்ட 33 பேரை ஓடவிட்டு ஆராய்ந்தார்கள். வேகமானவர்களும் மெதுவானவர்களும் காலைக் காற்றில் வீசி முன்னே கொண்டுவர எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வேறுபட்டது, தரையை உதைத்த விசை! "காலை வேகமாக வீசு" என்று கத்துவதைவிட "தரையைப் பலமாக உதை" என்று சொல்வதே பொருத்தமான அறிவுரை.

வளர்ச்சி செய்யும் குறும்பு

வேகம் தொலைவதற்கு முதல் காரணம், யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒன்று: வளர்ச்சி. பெரும்பாலான சிறுமியருக்கு 12 வயதை ஒட்டியும், சிறுவருக்கு 13, 14 வயதை ஒட்டியும் உயரம் வேகமாகக் கூடுகிறது. எலும்பு முதலில் நீள்கிறது. தசையின் பலம் சில மாதங்கள் கழித்தே அதை எட்டிப் பிடிக்கிறது.

காலின் நீளம் 5 விழுக்காடும் அதன் நிறை 10 விழுக்காடும் கூடினால் என்ன ஆகும்? ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் அளவு நிலைமத் திருப்புத்திறன். அது நிறையையும், நீளத்தின் இருமடியையும் பொறுத்தது. 1.10 × 1.05 × 1.05 = 1.21. அதாவது இடுப்பிலிருந்து காலை வீசுவது 21 விழுக்காடு கடினமாகிவிட்டது! கயிற்றை நீட்டிவிட்ட ஊஞ்சலைப் பழைய பழக்கத்தில் தள்ளுவதுபோல் நரம்புகள் பழைய கணக்கிலேயே கட்டளை அனுப்புகின்றன. கால் பின்னுகிறது.

உடல் எடையும் இப்படித்தான். 50 கிலோ 53 கிலோவாகி, காலின் விசை மட்டும் அப்படியே இருந்தால், எடைக்கும் விசைக்கும் உள்ள விகிதம் 6 விழுக்காடு குறைந்துவிடும். மேலே பார்த்த அதே எண்! இதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். வளரும் வயதில் எடை கூடுவது இயல்பு. விசையைக் கூட்டுவதுதான் வழி. விசை வந்து சேர்ந்துவிட்டால், நீண்ட கால் வரமாகிவிடும். 0.9 மீட்டர் 0.945 ஆகி, தரைத் தொடுகை அதே 0.12 வினாடியாக இருந்தால், வேகம் வினாடிக்கு 7.9 மீட்டர். தொலைத்ததைவிட அதிகம்!

கை பழகிய நெசவாளரும் கால் மறந்த ஆட்டக்காரரும்

இரண்டாவது காரணம் ஓய்வு. எங்கள் காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் பிரியாதபடி பின்ன வேண்டும். குழித்தறியில் நெசவாளர் ஒரு பக்கமும் உதவியாளர் இன்னொரு பக்கமும் அமர்ந்து மூன்று நாடாக்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். கால் மிதியை அழுத்தும் கணமும் கை நாடாவை வீசும் கணமும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். நீண்ட நாள் தறியில் உட்காதவர் திரும்பி வந்தால், கையில் பலம் இருக்கும், நெசவும் மறந்திருக்காது. ஆனால் பழைய ஓட்டம் உடனே வராது.

தசையும் அப்படியே. ஒரு தசையில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. அவை சிறு சிறு கூட்டங்களாக ஒவ்வோர் இயக்க நரம்பின் கீழ் இருக்கின்றன. நடக்கும்போது சில கூட்டங்கள் மட்டும் வேலை செய்தால் போதும். முழு வேகப் பாய்ச்சலில்தான் கடைசிக் கூட்டம் வரை எல்லாமே ஒரே கணத்தில் அழைக்கப்படுகின்றன. சில வாரங்கள் அந்த அழைப்பே வராவிட்டால், நரம்புகள் கூட்டி அழைக்கும் திறமை மங்குகிறது. இழைகளும் கொஞ்சம் மெலிகின்றன.

ஆனால் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. 2010 ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழுவினர் எலிகளின் தசைகளை ஆராய்ந்தார்கள். வேலை கொடுத்தால் தசை இழைக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. பிறகு வேலை நின்று தசை மெலிந்தாலும், அந்த உட்கருக்கள் மறையாமல் தங்கியிருந்தன. மனிதரில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். எப்படியிருப்பினும், முதன்முறை பெற்றதைவிட இழந்ததை மீண்டும் பெறுவது விரைவாகவே நடக்கிறது என்பது பயிற்சியாளர்கள் அறிந்த அனுபவம்.

அறுந்த இழை

மூன்றாவது காரணம் காயம். வேக ஓட்டக்காரர்களை அதிகம் வாட்டுவது பின்தொடைத் தசை. முன்னே வீசப்பட்ட கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அதைப் பிடித்து நிறுத்தும் கடிவாளம் இந்தத் தசைதான். நீண்டுகொண்டே விசை தர வேண்டிய இக்கட்டான வேலை அது. அந்தக் கணத்தில்தான் பெரும்பாலும் இழைகள் கிழிகின்றன. ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழியும் அபாயம் அதிகம்.

இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன் 1998 உலகக் கோப்பையில், தமது 18 ஆம் வயதில், அர்ஜென்டினாவின் தடுப்பாட்டக்காரர்களை ஓட்டத்தாலேயே பின்தள்ளி அடித்த கோல் உலகப்புகழ் பெற்றது. 1999 ஏப்ரலில் லீட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய பின்தொடைத் தசை கிழிந்தது. 2001 ஆம் ஆண்டின் பாலோன் தோர் விருதை அவர் பெற்றார் என்றாலும், அந்தக் காயத்துக்குப் பிறகு பழைய ஓட்டம் முழுமையாகத் திரும்பவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

பிரேசிலின் ரொனால்டோவின் கதை வேறு. 1999 நவம்பரில் அவருடைய முழங்கால் தசைநாண் காயமுற்று அறுவை சிகிச்சை நடந்தது. 2000 ஏப்ரலில் களத்துக்குத் திரும்பியவர், சில நிமிடங்களிலேயே முழங்கால் மடங்கி விழுந்தார். நாண் முற்றிலும் அறுந்துவிட்டது. தசை சீக்கிரம் வலுப்பெறும். அதை எலும்போடு இணைக்கும் நாண் மெதுவாகத்தான் வலுப்பெறும். இரண்டாம் முறை அவர் நீண்ட காலம் பொறுத்திருந்து உடலைத் தேற்றினார். 2002 உலகக் கோப்பையில் அவர் அடித்த கோல்கள் 8. இறுதி ஆட்டத்தில் பிரேசில் அடித்த இரண்டு கோல்களும் அவருடையவை!

எங்கள் ஊர் நெசவாளர்கள் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். பிணைத்த இடம் தறியைத் தாண்டும்வரை மெல்ல மெல்லத்தான் இழுப்பார்கள். பட்டு நூலுக்குக் காட்டும் அந்தப் பொறுமையை நம் தொடைக்கும் காட்ட வேண்டாமா?

பையோலியின் பாடம்

நம் நாட்டிலேயே மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. கேரளத்தின் பையோலி ஊரைச் சேர்ந்த பி.டி. உஷா, 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் முடித்தார். மூன்றாம் இடம் பெற்றவருக்கு 55.41. ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு! அவருடைய சராசரி வேகத்தில் அது வெறும் 7 சென்டிமீட்டர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் அவர் 4 தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். அடுத்து வந்தது சோதனை. 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது குதிகால் காயத்தால் தவித்து, முதல் சுற்றிலேயே வெளியேறினார். உஷாவின் காலம் முடிந்தது என்று பலர் எழுதிவிட்டார்கள்.

அவர் முடிக்கவில்லை. பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரின் வழிகாட்டுதலில் மீண்டு வந்து, 1989 இல் புதுதில்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 4 தங்கமும் 2 வெள்ளியும் வென்றார். பிறகு ஓட்டத்திலிருந்து விலகி, திருமணமாகித் தாயுமான பின்னர் மறுபடி பயிற்சியைத் தொடங்கி, 1998 இல் ஜப்பானின் புக்குவோக்கா நகரில் நடந்த ஆசியப் போட்டியில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 34! போன வேகம் இருமுறை திரும்பி வந்தது.

மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினால் வருமா?

"மெதுவாகிவிட்டாயா? தினமும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடு!" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூச்சுப் பலத்துக்கு அது நல்லது. வேகத்துக்கு அது போதாது. ஏன்?

நம் தசையில் மெது இழைகள், விரைவு இழைகள் என இரு பெரும் வகைகள் உண்டு. நிதான ஓட்டத்தில் மெது இழைகளே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். விரைவு இழைகளுக்கு முழு வேகப் பாய்ச்சல்தான் அழைப்பு மணி. அந்தப் பாய்ச்சலுக்கான எரிபொருள், தசைக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்ட ஏ.டி.பி., பாஸ்போகிரியேட்டின் என்ற வேதிப்பொருள்கள். இந்தச் சேமிப்பு சில வினாடிகளிலேயே பெருமளவு கரைந்துவிடும். அது பாதியளவு நிரம்ப ஏறக்குறைய அரை நிமிடமும், முழுதும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடமும் ஆகும். ஓய்வே இல்லாமல் பாய்ச்சல் மேல் பாய்ச்சல் ஓடினால், ஐந்தாவது பாய்ச்சலில் நீங்கள் பழகுவது வேகத்தை அல்ல, களைப்பை! குறைவாக ஓடுங்கள், ஆனால் முழுமையாக ஓடுங்கள், நடுவே நன்றாக ஓய்வெடுங்கள். இதுவே வேகப் பயிற்சியின் சூத்திரம்.

ஆறு வாரத் திட்டம்

வலி ஏதும் இல்லாத, நலமான மாணவருக்கான பொதுவான திட்டம் இது. காயம் பட்டவர்கள் அரசு மருத்துவமனையில் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பார்த்து, அவர்கள் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள்: பத்து நிமிட மென்னோட்டமும் உடலை இளக்கும் அசைவுகளும் செய்தபின், 30 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் 6 முறை ஓடுங்கள். வாரம் இரு நாள் போதும். இரண்டு நாள்களுக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும்.

மூன்றாம், நான்காம் வாரங்கள்: வேகத்தை 80, பிறகு 90 விழுக்காட்டுக்கு உயர்த்துங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு நிமிடம் நடந்து ஓய்வெடுங்கள்.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: 20 மீட்டர் முழு வேகப் பாய்ச்சல்கள் 6 முதல் 8. நடுவே மூன்று நிமிட ஓய்வு. கடைசி இரண்டு பந்தைத் துரத்தியபடி இருக்கட்டும்.

கூடவே விசையைக் கூட்டும் பயிற்சிகள் வேண்டும். நம் ஊர்த் தேகப் பயிற்சிக் கூடங்களின் பஸ்கி தொடைக்கு மிக நல்லது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது கெண்டைக்காலுக்கு. கயிறு தாண்டுவதும், நொண்டி ஆட்டமும், பாண்டி ஆட்டமும் பாதம் தரையில் தங்கும் நேரத்தைக் குறைக்கக் கற்றுத்தரும். தங்கைகளின் பாண்டி ஆட்டத்தை இனி கேலி செய்யாதீர்கள்!

பின்தொடைக்கு ஒரு சிறப்புப் பயிற்சி உண்டு. நீங்கள் மண்டியிட, நண்பர் உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். முதுகும் தொடையும் நேர்கோட்டில் இருக்க, கூடியவரை மெதுவாக முன்னே சாய்ந்து கடைசியில் கைகளால் தரையைத் தாங்குங்கள். நார்டிக் பயிற்சி என்று இதற்குப் பெயர். 2011 இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில் 942 கால்பந்தாட்டக்காரர்கள் பங்கேற்றார்கள். இந்தப் பயிற்சி செய்த பாதிப் பேரில் பின்தொடைக் காயங்கள் 15. செய்யாத மறுபாதியில் 52! வாரம் இருமுறை, ஐந்தைந்தாகத் தொடங்கினால் போதும். முதல் சில நாள்கள் தசை வலிக்கும், அஞ்ச வேண்டாம். ஓடும்போது சுருக்கென்று குத்தும் வலி வேறு. அது வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தசை வளர்வது மைதானத்தில் அல்ல, உறக்கத்திலும் உணவிலும்தான். பருப்பு, வேர்க்கடலை, பால், முட்டை ஆகியவற்றில் கிடைப்பதைத் தவறாமல் உண்ணுங்கள். வெயில் ஏறுமுன் காலையில் ஓடுங்கள்.

அளந்து பாருங்கள்!

வேகம் திரும்புகிறதா என்பதை மனம் சொல்லக்கூடாது. அளவு சொல்ல வேண்டும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். கையால் அழுத்தும் நிறுத்து கடிகாரத்தில் ஏறக்குறைய 0.2 வினாடி வரை பிழை வரலாம். நாம் தேடும் எட்டோ 0.19 வினாடி! தேடும் பொருளும் பிழையும் ஒரே அளவாக இருந்தால் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

ஹில் கம்பிச் சுருள்களால் தீர்த்த இந்தச் சிக்கலை வீட்டிலுள்ள செல்போனால் நீங்கள் தீர்க்கலாம். ஓடுபாதையில் தொடக்கக் கோட்டிலிருந்து 20 மீட்டரிலும் 40 மீட்டரிலும் பாதையை ஒட்டி ஒவ்வொரு குச்சி நடுங்கள். முதல் 20 மீட்டரில் வேகம் கூட்டி, இரண்டு குச்சிகளுக்கு நடுவே முழு வேகத்தில், குச்சிகளை ஒட்டியே ஓடுங்கள். இரண்டு குச்சிகளும் தெரியுமாறு பக்கவாட்டில் தள்ளி நின்று, செல்போனை அசையாமல் வைத்து நண்பர் படம் எடுக்கட்டும். பிறகு மார்பு முதல் குச்சியைக் கடந்ததிலிருந்து இரண்டாம் குச்சியைக் கடக்கும்வரை எத்தனை படச்சட்டங்கள் என்று எண்ணுங்கள். வினாடிக்கு 30 படங்கள் எடுத்தால் ஒரு சட்டம் 0.033 வினாடி. மெதுகாட்சியில் 240 படங்கள் எடுத்தால் 0.004 வினாடி. பிழை எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள்!

ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஓடிச் சராசரி எடுங்கள். அதே காலணி, அதே மைதானம், அதே வேளையாக இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து, வாரத்தைக் கிடை அச்சிலும் நேரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். கோடு ஒரேயடியாக இறங்காது. ஒரு வாரம் இறங்கும், ஒரு வாரம் அசையாமல் நிற்கும், சில சமயம் சற்று ஏறவும் செய்யும். ஒற்றை அளவைக் கண்டு துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். ஆறு வாரக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே விடை.

எல்லோரும் உசைன் போல்ட் ஆகிவிட முடியாது. விரைவு இழைகளின் பங்கில் பிறப்பின் கொடையும் இருக்கிறது. ஆனால் நீங்கள் போட்டியிடுவது போல்ட்டோடு அல்ல. சென்ற ஆண்டின் உங்களோடு!

எங்கள் ஊரை ஒட்டி ஓர் ஆறு உண்டு. பெயர் வேகவதி; வேகம் உடையவள் என்று பொருள். ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓட்டம் இராது. புதிதாகப் பார்ப்பவர்கள் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். மழைக்காலம் வந்து நல்ல மழை பெய்தால், வெள்ளம் பழைய தடத்தைத் தேடிக்கொண்டு வந்து சேரும். உங்கள் கால்களிலும் தடம் அப்படியே இருக்கிறது. குறிப்பேட்டை எடுங்கள், 20 மீட்டரை அளந்து குச்சிகளை நடுங்கள், இன்றைய நேரத்தை முதல் வரியில் எழுதுங்கள். அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் கவலையில்லை. இறங்கப் போகும் கோட்டுக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும் அல்லவா?